எடின்பரோவில் ஒரு முழிவியளம்

1

முல்லைத்தீவிலிருந்து என் மச்சாள் எமிலி எழுதியிருக்கிறாள். பங்குக் கோவிலில் அடுத்த நத்தாருக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "நீ கோட்டையும் பெரிய கோவில்களும் உள்ள பழைய ஊரில் இருக்கிறாய், பனிக்குள்ளே நத்தார் கொண்டாடுகிறாய், கொடுத்து வைத்தவள். வாசிக்கிற சனத்துக்குக் கண்ணுக்கு முன்னாலே பாலன் பிறக்கிற மாதிரி எழுதித் தா" என்று கேட்டிருக்கிறாள்.

எழுதித் தருகிறேன். ஆனால் எமிலி கேட்டதை அல்ல. பிடிக்காவிட்டால் பங்குச் சுவாமியார் போடாமல் விடட்டும்.

கோட்டை இருக்கிறது, பொய் இல்லை. பெரிய பாறைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதன் கீழே முந்நூறு நானூறு வருசத்துக் கல்வீடுகள், இரண்டு பேர் ஒன்றாய் நடக்க முடியாத ஒழுங்கைகள். வெளியூர்க்காரர் வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு தலைமுறை தலைமுறையாய் நிலக்கரி எரித்து, கோட்டை, கோவில், கோபுரம் எல்லாம் சட்டியின் அடி போல இருக்கின்றன. கையை மதிலில் வைத்தால் கை கறுக்கும். பனியும் காலையில் மட்டும்தான் வெள்ளை. பின்னேரம் பார்த்தால் கரிச்சேறு. இப்படிக் கரி பிடித்த ஊர்தான் நான் வந்து இறங்கின முதல் கிழமையே என்னைப் பார்த்துக் கறுப்பி என்று சொன்னது.

நத்தாரைப் பற்றியும் சொல்கிறேன். நாங்கள் வந்த முதல் வருசம் இந்த ஊரில் நத்தாருக்கு விடுமுறையே இல்லை. நம்ப மாட்டீர்கள். தபால்காரன் வந்தான். எதிர்வீட்டுக் கூரையில் ஆள் ஏறி நின்று ஆணி அடித்தான். என் கணவர் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போனார். இவர்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் நத்தார் பாப்பரசரின் ஆட்களுடைய, எங்களைப் போன்ற கத்தோலிக்கருடைய, கொண்டாட்டம் என்று பரம்பரையாக ஒரு வெறுப்பு. முல்லைத்தீவில் அன்றைக்குச் சைவக்காரரின் கடை பூட்டியிருக்கும். தண்ணீரூற்றுக் கிராமத்து முஸ்லிம் வியாபாரி கேக் வாங்கிப்போக வீட்டுக்கு வருவார். இங்கே கிறிஸ்தவ ஊரில் ஆணிச் சத்தம். இப்போது சட்டப்படி விடுமுறை விட்டிருக்கிறார்கள். ஆனாலும் இவர்களுடைய உண்மையான திருநாள் வருசப்பிறப்புத்தான்.

அந்த வருசப்பிறப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2

எங்களைத் தெரியாதவர்களுக்காக: என் கணவர் வவுனியா நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் கீறுபவராக இருந்தார். சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, சிங்களம் எழுதிப் பாஸ் பண்ணினால்தான் சம்பளம் கூடும் என்றார்கள். இவர் மெல்லிய மனுசன். ஒருத்தரோடும் வாதாட மாட்டார். பேசாமல் இந்த ஊர் வரைபட அச்சகம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. நான் தாதி. எனக்கு இங்கே ஆசுப்பத்திரியில் வேலை கிடைத்தது. மகள் ரெஜினாவுக்கு அப்போது மூன்று வயது.

வீடு என்று எங்களுக்குக் கிடைத்தது நாலு மாடிக் கல்வீட்டின் மூன்றாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும். ஒரே படிக்கட்டைச் சுற்றி எட்டுக் குடும்பம். கிழமைக்கு ஒரு குடும்பம் படி கழுவ வேண்டும். முறை வந்தால் கதவுப் பிடியில் ஒரு மட்டை தொங்கும்: "இந்தக் கிழமை உங்கள் முறை." எங்கள் கதவில் அந்த மட்டை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை தொங்கியது. நான் கழுவினேன். இரவு வேலை செய்துவிட்டு வந்து முழங்காலில் நின்று கழுவினேன். கழுவி முடித்த கையோடு நிலமாடிக் கதவு திறக்கும். மிஸிஸ் லோகன் வந்து நிற்பாள்.

மிஸிஸ் லோகன் விதவை. வயது அறுபதுக்கு மேல். வாட்டசாட்டமான மனுசி. படிக்கட்டுக்கு அவள்தான் விதானையார். "மூலை கழுவப்படவில்லை" என்பாள். மற்றக் கிழமைகளில் மூலைகளை அவள் பார்த்து நான் காணவில்லை.

பிறகு கறிவாசம். எமிலி பார்சலில் அனுப்பின தூளைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கறி வைப்பேன். அதற்குக் குசினி யன்னலைத் திறந்தாலும் முறைப்பாடு, பூட்டினாலும் முறைப்பாடு. அவளுடைய தொப்பியில் வாசம் ஏறிவிட்டதாம். அந்தத் தொப்பியோடு கோவிலுக்குப் போக வெட்கமாக இருக்கிறதாம்.

ரெஜினாவைப் பள்ளிக்கூடத்தில் ஜீன் ஆக்கிவிட்டார்கள். ரெஜினா என்று கூப்பிட ரீச்சருக்கு வாய் வலித்ததாம். பரலோக ராணியின் பெயர் அது. ஆறு வயதில் பிள்ளை என்னிடம், "அம்மா, படியில் என்னோடு அந்தப் பாஷையில் கதைக்காதேங்கோ" என்றாள். அதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

மூன்று வருசம் இப்படி. நாலாம் வருசம் மார்கழியில் மிஸிஸ் லோகன் கதவு கதவாகத் தட்டி ஏழு குடும்பத்தையும் ஒரு வாயாக்கிவிட்டாள். நத்தாருக்கு முந்தின கிழமை வீட்டு ஏஜென்ட் வந்தார். தொப்பியைக் கழற்றாமல் வாசலில் நின்று, "மற்றவர்களுக்கு வசதியாக இல்லை" என்றார். தை முடிய வீட்டை விட வேண்டும்.

"நாங்கள் என்ன செய்தோம்?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஒன்றும் செய்தீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை" என்றார்.

3

அந்த நத்தாரை எப்படிக் கொண்டாடினோம் என்று எமிலி அறிய விரும்புவாள்.

ஆசுப்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் தாதிமார் எல்லோரும் தோள்போர்வையைப் புரட்டிச் சிவப்புப் பக்கம் வெளியே தெரியப் போட்டு, கையில் விளக்கோடு வாட்டு வாட்டாகப் பாடிக்கொண்டு போவார்கள். மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். விளக்கு வரிசையைப் பார்க்க உண்மையில் வடிவுதான். நானும் போர்வையைப் புரட்டிப் போட்டேன். மூன்று கிழமை பாட்டுப் பழகியிருந்தேன். வரிசை புறப்படுகிற நேரம் மேட்றன் வந்து என் கையிலிருந்த விளக்கை மெதுவாக வாங்கி, பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்தாள். "யாராவது ஒருவர் வாட்டில் நிற்கத்தானே வேண்டும். நோயாளிகள் விளக்கு வெளிச்சத்தில் திடுக்கிட்டுப்போவார்கள், விளங்குகிறதா?"

விளங்கியது. சிவப்புப் போர்வையோடு மலச்சட்டி கழுவினேன். பாட்டு தூரத்தில் கேட்டது.

மறுநாள் காலைப் பூசைக்குப் போனோம். எங்கள் வேதக் கோவில் இங்கே சிறியது, அயர்லாந்துக்காரர் நிறைந்தது. அவர்களையும் இந்த ஊருக்குப் பிடிக்காது. ஆகவே அவர்களாவது எங்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்று முதலில் நினைத்தேன். வாசலில் நின்றவன் மூன்று வருசமாகப் பார்க்கிறவன். அன்றைக்கும், "யாரையாவது தேடுகிறீர்களா?" என்று கேட்டான். உள்ளே போய் இருந்தோம். எங்கள் வாங்கில் எங்களுக்கு இரு பக்கமும் இடம் வெறுமையாய்க் கிடந்தது. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டு பூசை கண்டார்கள். சுவாமியார் சொன்ன லத்தீன் மட்டும் முல்லைத்தீவில் சொன்ன அதே லத்தீன். அதற்கு மறுமொழி சொல்ல நான் வாயைத் திறந்தபோது முன்னால் இருந்த கிழவி திரும்பி, பேசும் கிளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

4

நத்தார் முடிந்து மூன்றாம் நாள், மத்தியானம். கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் மிஸிஸ் லோகன். கையில் ஒரு தட்டு, அதில் வெண்ணெய் பிஸ்கட். இத்தனை வருசத்தில் அவள் மூன்றாம் மாடி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை.

"உள்ளே வாருங்கள்" என்றேன். வரவில்லை. கால்மிதியில் நின்றாள்.

"உங்கள் கணவர் வருசப்பிறப்பு அன்று வீட்டில்தானே?"

"ஏன்?"

அப்போதுதான் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. புதுவருசம் பிறந்த பிறகு வீட்டு வாசற்படியை முதலில் மிதிக்கிற கால் யாருடையதோ, அந்த வருசத்தின் பலன் முழுக்க அதில்தான். மிதிக்கிறவன் ஆணாக இருக்க வேண்டும். உயரமாக, கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்பு என்று இவர்கள் சொல்வது தலைமயிரை. கையில் ஒரு துண்டு நிலக்கரி, கொஞ்சம் கேக், ஒரு போத்தல் விஸ்கி கொண்டுவர வேண்டும். செம்பட்டைத் தலைக்காரன் முதலில் வந்தால் கெடுதி. பெண் வந்தால் அதைவிடக் கெடுதி. நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது யாருடைய முகத்தில் முழித்தோம் என்று பார்த்து, முழிவியளம் சரியில்லை என்று திரும்பி வருகிறோமே, அதேதான். எங்களுக்கு முகம், இவர்களுக்குக் கால்.

அதற்கு முந்தின வருசப்பிறப்புக்கு மிஸிஸ் லோகன் வீட்டை முதலில் மிதித்தது அவளுடைய செம்பட்டைத் தலை மருமகன். மாசியில் அவளுடைய தமக்கை செத்தாள். சித்திரையில் இவள் படியில் விழுந்து கையை முறித்தாள்.

"இந்த வருசம் நான் ஒன்றுக்கும் இடம் வைக்கப்போவதில்லை" என்றாள். "யாருக்கும் கதவு திறக்க மாட்டேன். காலையில் ஒன்பது மணிக்கு உங்கள் கணவர் வரட்டும். இந்தத் தெருவிலேயே அவரை விடக் கறுப்பான ஆள் கிடையாது. எவ்வளவு நல்ல கறுப்பு!"

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள். சத்தியமாக.

"மிஸிஸ் லோகன், எங்களை வீட்டை விடச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஏஜென்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும்."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஓ, அது வேறு விஷயம், அம்மணி. அது படிக்கட்டுச் சம்பந்தப்பட்டது. இது வருசப்பிறப்பு."

தட்டைத் தந்துவிட்டு இறங்கிப் போனாள்.

குசினியிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இவர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"கேட்டீரே? மனுசி தானா ஏறி வந்திருக்கு."

"அவ உங்களைக் கேட்டு வரேல்லை. உங்கட தோலைக் கேட்டு வந்தவ."

"தோலோ தலையோ, கேட்டவ தானே. ஒருக்காப் போய் நல்லாக் கதைச்சிட்டு வந்தா மனம் மாறும்."

"மாறாது எண்டு அவவே இப்ப வாயாலை சொல்லிப்போட்டுப் போறா. காதிலை விழேல்லையோ?"

"பிலோமினா, இந்தக் குளிருக்குள்ளை பிள்ளையையும் கொண்டு எங்கை போறது? ஒரு கரித்துண்டு தானே. கொண்டுபோய் வச்சா என்ன குறைஞ்சு போவம்?"

"குறைய இனி என்ன கிடக்கு?"

"உமக்கு எல்லாத்துக்கும் கோவம். கோவத்தை வச்சு வீடு பிடிக்கேலாது."

ரெஜினா பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "மிஸிஸ் லோகன் நல்லவ" என்றாள் ஆங்கிலத்தில்.

5

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று விளங்க வேண்டுமானால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை வாசிக்கிறவர்களில் வயதானவர்களுக்கு அவவைத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

அப்பா கடலில் இறந்துபோனபோது அம்மாவுக்கு இருபத்தாறு வயது. அன்றிலிருந்து விடியக்காலையில் எங்கள் வீட்டுப் படலை திறந்ததில்லை. ஆண்கள் தொழிலுக்குப் போகிற நேரம் அவ வெளியே வரக்கூடாது. தண்ணீர் அள்ளப் போவதென்றாலும், தோணிகள் எல்லாம் இறங்கிப் போய்விட்டன என்று நான் கடற்கரைக்கு ஓடிப் பார்த்து வந்து சொன்ன பிறகுதான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பரியாரியாரிடம் ஓட அவ படலையைத் திறந்துவிட்டா. வலை சுமந்துகொண்டு வந்த நாலு பேர் நின்றார்கள். ஒருத்தன் காறித் துப்பினான். "விடியவே வந்து நிக்குது" என்றான். நாலு பேரும் வலையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றைய தொழில் கெட்டதற்கு ஊர் முழுக்க அம்மாவைத்தான் பேசியது. அந்த நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசையில் இருந்தார்கள்.

அம்மா அழவில்லை. எனக்குக் கஞ்சி தந்துகொண்டு சொன்னா: "எவ்வளவு பெரிய ஆம்பிளையள், என்ரை முகத்துக்குப் பயப்பிடுறாங்கள் பாத்தியே."

அதில் பெருமை இருந்ததா, கசப்பு இருந்ததா என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பிஸ்கட் தட்டைக் கழுவிக்கொண்டு நின்ற அந்த மத்தியானம்தான் விளங்கியது. இந்த ஊரில் நான் வந்த நாள் முதல் என்னைக் கண்டு விலகினார்கள், முகம் சுளித்தார்கள். ஒருத்தரும் பயப்படவில்லை.

6

வருசப்பிறப்பு காலை. இவர் எட்டரைக்கே முகம் வழித்து, கல்யாணக் கோட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து நின்றார். கறுப்பு நல்லாத் தெரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மேசையில் ஒரு சின்னப் போத்தல், நான் நத்தாருக்குப் போட்ட கேக்கில் பாதி, கடதாசியில் சுற்றின நிலக்கரி.

"ரை சரியாய் இருக்கே?" என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

நான் அறைக்குள் போனேன். பூசைக்குக் கட்டுகிற சிவப்புச் சேலையைக் கட்டியிருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. மேசையிலிருந்த நிலக்கரியை எடுத்தேன். சுற்றியிருந்த கடதாசியை உரித்துப் போட்டுவிட்டுக் கரியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். கோட்டுப் போடவில்லை. படி ஐஸ் போலக் குளிர்ந்தது. அந்தப் படி எனக்குத் தெரியும். மூலை மூலையாய்த் தெரியும்.

கதவைத் தட்டினேன்.

உள்ளே ஆள் ஓடி வருவது கேட்டது. "யார்?"

"உங்கள் முதற்கால்" என்றேன்.

மூன்று பூட்டும் திறந்தது. மிஸிஸ் லோகன் நீலப் பட்டுச் சட்டை போட்டு, கழுத்தில் முத்துமாலையோடு நின்றாள். சிரிப்பு முதலில் வந்துவிட்டது. பிறகுதான் என்னைக் கண்டாள். சிரிப்பை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வலது காலை எடுத்து வைத்து வா என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் இடது காலை வைத்தேன். பிறகு மற்றக் காலையும் வைத்தேன். அவளைத் தாண்டி உள்ளே போய், வெள்ளை விரிப்புப் போட்டுக் கிளாஸ் அடுக்கியிருந்த மேசையில், விரிப்புக்கு நடுவில் கரியை வைத்தேன்.

"புதுவருச வாழ்த்துகள், மிஸிஸ் லோகன்."

"நீ பெண்" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "கடவுளே, ஒரு பெண்."

"ஓம். கறுப்புத்தான். நீங்கள் கேட்ட நல்ல கறுப்பு."

"வெளியே போ! உடனே வெளியே போ!"

"போகிறேன். ஆனால் வந்தாகிவிட்டதே. இனி யார் வந்தாலும் இரண்டாவது."

அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் இருந்தது கோபம் அல்ல, பயம். நான் தேடி வந்தது அதைத்தான். வடிவாய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

வெளியே படியில் இவர் போத்தலோடும் கேக்கோடும் நின்றார். பின்னால் ரெஜினா. மிஸிஸ் லோகன் அவருக்கு முன்னாலேயே கதவை அடித்துச் சாத்தினாள்.

மேலே வந்ததும் சொன்னார்: "இருந்த வீட்டையும் எரிச்சுப்போட்டு வந்திருக்கிறீர்."

"வீடு முதலே போயிட்டுது. நான் சாம்பலைத்தான் கிண்டினனான்."

இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. படிக்கட்டில் மற்ற ஆறு கதவுகளும் என் காலடிச் சத்தம் கேட்டால் மூடின. சொன்னால் வெட்கம், நான் சில நேரம் தேவையில்லாமலே இறங்கி ஏறினேன். படி கழுவும் மட்டையும் அதற்குப் பிறகு எங்கள் கதவுக்கு வரவில்லை.

7

தை முழுக்க வீடு தேடினோம். ஆங்கிலத்தில் நன்றாகக் கதைப்பேன், ஆகவே டெலிபோனில் வீடு இருந்தது. நேரில் போனால் "இப்போதுதான் ஒருவர் எடுத்தார்." கடைசியில் துறைமுகப் பக்கம், ஒரு இத்தாலிக்காரரின் ஐஸ்கிறீம் கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்தது. அவர்கள் உள்ளி தாளிக்கிற வாசத்துக்கு முன்னால் என் கறி ஒன்றுமே இல்லை. நிம்மதியாக இருந்தோம்.

எனக்கு ஒரு ஆசை மட்டும் மிச்சமாக இருந்தது. மிஸிஸ் லோகனுக்கு அந்த வருசம் என்ன நடந்தது என்று அறிய வேண்டும். மறைக்கவில்லை. நல்லது நடக்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அடுத்த மார்கழி, நத்தார் கழிந்து இரண்டு நாள். கதவு தட்டியது. மிஸிஸ் லோகன். அதே தட்டு, அதே பிஸ்கட். கன்னம் சிவந்து ஆள் கொழுத்திருந்தாள்.

"உங்களைத் தேடிப் பிடிக்கப் பெரும் பாடு" என்றாள். "என் வாழ்க்கையில் இப்படி ஒரு நல்ல வருசம் வந்ததில்லை! கனடாவுக்குப் போன மகன் பத்து வருசமாய் ஒரு சொல் எழுதாதவன். சித்திரையில் பெண்சாதி பிள்ளையோடு வந்து நிற்கிறான். என்னோடுதான் இருக்கிறார்கள். கையும் சுகம். உங்கள் ஆட்களுக்கு அது மாறி வேலை செய்கிறது போல. பெண்தான் அதிர்ஷ்டம். இந்த வருசமும் நீங்களே வரவேண்டும். அதே சிவப்பு உடுப்போடு."

என் சாபமும் அவளுக்குப் பிஸ்கட்டோடு வைத்துத் தின்ன உதவியிருக்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்த வாசற்படியில் நிற்கிறதற்குக் கூட உங்களுக்கு வெட்கமில்லையா?"

"ஐயோ, அது பழைய கதை."

"எனக்குப் பழசில்லை. நான் வர மாட்டேன். நீங்களும் இனி இங்கே வர வேண்டாம்."

அவள் கோபிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தாள். அங்கே ரெஜினா நின்றாள்.

"அப்போ ஜீன் வரலாமே? என் பேத்தியும் இருக்கிறாள். உன் வயதுதான். விளையாடலாம்."

என் பிள்ளையின் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தப் படிக்கட்டிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, ஒரு வீட்டுக்கும் ஒருநாளும் அவளை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. வகுப்பில் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் போவார்கள். இவள் திங்கட்கிழமை போய்க் கதை கேட்பாள்.

நான் கதவைச் சாத்தினேன். ரெஜினா கதவில் முகத்தை வைத்து அழுதாள். வருசப்பிறப்பு அன்று நான் காலை வேலைக்குப் போன பிறகு, இவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். பின்னேரம் நான் வந்தபோது அவள் கன்னம் சூடாக, தலைமயிரில் ஒரு புது ரிபனோடு இருந்தாள். நெருப்புக்குப் பக்கத்துக் கதிரை அவளுக்குத்தானாம். முதல் துண்டுக் கேக் அவளுக்குத்தானாம்.

"ஏன் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"அவள் கேட்டவள்" என்றார். "நீர் இல்லையெண்டு சொல்லலாம். என்னாலை ஏலாது."

அடுத்த வருசமும் போனாள்.

8

ரெஜினாவுக்கு இப்போது பத்து வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் இந்த ஊர் ஆங்கிலம், எனக்கே பாதி விளங்காது. மற்ற நாட்களில் அந்தப் பேத்தி இவளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நத்தாருக்குக் கூப்பிடுவதில்லை, பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதில்லை. வருசத்தில் அந்த ஒரு காலைதான். நான் இரண்டு வருசமாக வாயைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தன்னை அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறாள், அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னும் இரண்டு வருசத்தில் வேறு யாராவது சிரித்துக்கொண்டு சொல்லப்போகிறார்கள். அதற்கு முன் நானே சொல்வது மேல் என்று இந்த முறை முடிவெடுத்தேன்.

நேற்றுப் பின்னேரம் அவளுடைய வருசப்பிறப்புச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு நின்றேன். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெஜி, மிஸிஸ் லோகன் உன்னை ஏன் கூப்பிடுறா எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

தமிழில் சொன்னாள். நான் நிமிர்ந்தேன்.

"என்ன தெரியும்?"

"நான் கறுப்பு எண்டபடியால். கறுப்பு ஆக்கள் முதல் வந்தால் அவைக்கு நல்லது நடக்குமாம். அந்தப் பேத்தி முதல் வருசமே சொன்னவள்."

"தெரிஞ்சுகொண்டோ போறனீ?"

"ஓம்."

"உனக்கு ரோசம் இல்லையே, பிள்ளை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். எனக்குச் சொல்வதற்காகத் தமிழ்ச் சொற்களைத் தேடுகிறாள் என்று தெரிந்தது.

"அம்மா, மற்ற நாளெல்லாம் ஒருத்தரும் கூப்பிடாததும் இதுக்காகத்தானே. ஒரு நாளைக்கு இதுக்காகவே கூப்பிடினம். நான் போகாட்டி அந்த ஒரு நாளும் இல்லை."

மேட்றனுக்கு, ஏஜென்டுக்கு, கோவில் வாசலில் நின்றவனுக்கு, மிஸிஸ் லோகனுக்கு, ஏன், என் புருஷனுக்கும் கூட அன்றன்றைக்கு நான் ஏதோ ஒரு மறுமொழி கொடுத்திருக்கிறேன், வாயால் இல்லாவிட்டால் மனதால். இப்போதும் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, சட்டை!" என்று கத்தினாள். அயன் பெட்டியின் அடியில் துணி கருகிக்கொண்டிருந்தது.